ஏறுநாளும் இறங்குநாளும்

இதை எழுத உட்காருவதற்கு எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு வருஷமும் புளி சீசன் முடிந்து கடை ஓய்ந்ததும் ஒரு நோட்டு எடுப்பேன். பிள்ளையார் சுழி போடுவேன். முருகா துணை என்று எழுதுவேன். அதற்குக் கீழே ஒரு வரி எழுதிவிட்டு மூடி வைத்துவிடுவேன். அப்படி அஞ்சாறு நோட்டில் முதல் பக்கம் மட்டும் வீணாகிக் கிடக்கிறது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன், எழுத்துப் பழக்கமில்லை, அதனால் நின்று போகிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். அது காரணமில்லை என்று எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்.

அந்த அம்மாவின் பெயரை எழுதப் போவதில்லை. அவரிடம் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதையும் எனக்கில்லை. ஜவ்வாது மலையில் எங்கள் கடை இருக்கிற ஊருக்கு மேலே ரெண்டு மைல் நடந்தால் இருபது வீடு கொண்ட ஒரு ஊர். அங்கே இருந்தார். அப்போது நாற்பது வயசிருக்கும். நல்ல பருமனான உடம்பு. புருஷன் குடகுக்குக் காப்பி எஸ்டேட் வேலைக்குப் போய் வருஷத்தில் பாதி நாள் அங்கேயே இருப்பவர். கொஞ்சம் சாமை நிலம், நாலு புளியமரம். பக்கத்து வீட்டில் கல்யாணமாகாத தம்பி. தம்பிக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. அக்கா ஒரு கிட்னி கொடுப்பது என்று முடிவாயிற்று. ரத்தம் பொருந்தியது, எல்லாம் பொருந்தியது. எடை மட்டும் பொருந்தவில்லை. எழுபத்தெட்டு கிலோ இருந்தார். அறுபத்தஞ்சுக்கு வந்தால்தான் ஆபரேஷன், மிச்சம் இருக்கிற ஒரே கிட்னி இந்த உடம்பைச் சாகிற வரைக்கும் சுமக்க வேண்டும் என்று கீழே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஒரு கொட்டாங்குச்சிதான் நினைவுக்கு வருகிறது. வழவழவென்று தேய்த்த சின்னக் கொட்டாங்குச்சி. கேழ்வரகு மாவை அதில்தான் அளப்பார். அளந்து, விளிம்புக்கு மேலே இருப்பதை விரலால் வழித்துவிட்டு, வழித்ததைத் திரும்பப் பானையில் தட்டுவார். இறங்குநாளுக்கு ஒரு கொட்டாங்குச்சி மாவு, சமநாளுக்கு ஒன்றரை, ஏறுநாளுக்கு ரெண்டு. உறவுக்காரர் வீட்டுக்கு இருக்கப் போனாலும் மடியில் கட்டிக்கொண்டு போவார். அவர் அம்மா வீட்டில் ஒரு முறை, தாய் வூட்டுக்கு அளவு கொட்டாங்குச்சி எடுத்துனு வந்தவ இந்த மலையிலயே நீ ஒருத்திதான் என்று அண்ணிக்காரி குத்திக் காட்டினாளாம். அதை எங்களிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்தாரே தவிர, அடுத்த முறையும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

இந்த ஏறுநாள் இறங்குநாள் என்ன என்று சொல்ல வேண்டும். எடையைக் குறை என்று சொன்னதும் முதல் மாசம் அவர் செய்தது பட்டினி. காலையில் ஒரு சொம்பு கஞ்சி, ராத்திரி ஒரு சொம்பு கஞ்சி, தினம் அவ்வளவுதான். முதலில் நாலு கிலோ மளமளவென்று இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சுனைக்குத் தண்ணிக்குப் போனவர் குடத்தோடு விழுந்தார். எழுபத்து நாலு அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கென்றே ஒரு பெண் இருந்தாளாம், கண்ணாடி போட்ட சின்னப் பெண். அவள்தான் உட்கார வைத்து விளக்கினாள். கலோரி என்றால் சோற்றில் இருக்கிற சூடு. தினம் ஒரே மாதிரி ரொம்பக் குறைத்தால், பஞ்சம் வந்துவிட்டது என்று உடம்பு தன் அடுப்பைத் தானே தணித்துக்கொள்ளும். அதனால் ஒரு நாள் குறை, ஒரு நாள் கூட்டு, ஒரு நாள் நடுவில் வை. வாரக் கடைசியில் மொத்தம் குறைந்திருக்க வேண்டும், ஆனால் எந்த நாள் எவ்வளவு என்று உடம்புக்குப் பழகிவிடக் கூடாது. இப்படிச் சொல்லி, ஏழு நாளைக்கும் ஒரு தாளில் எழுதி, கலோரியைக் களி உருண்டையாக மாற்றிப் படம் போட்டும் கொடுத்தாள்.

அந்த அம்மா அதைத் தன் பாஷையில் என் மனைவிக்குச் சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

"வயித்துக்குக் கணக்கு தெரிஞ்சிடக் கூடாதாம்மா. தெரிஞ்சிதுன்னா பூட்டிக்குமாம். இன்னிக்கி இன்னா போடப் போறான்னு அது நம்ம மூஞ்சியப் பாத்துனே இருக்கணுமாம்."

இது எல்லா உடம்புக்கும் சரிப்படுமா, டாக்டர்கள் எல்லாரும் இதை ஒத்துக்கொள்வார்களா, எனக்குத் தெரியாது. அவர் உடம்புக்குச் சரிப்பட்டது. வாரத்தில் மூன்று இறங்குநாள், ரெண்டு சமநாள், ரெண்டு ஏறுநாள். இறங்குநாளில் ஒரு சின்ன உருண்டை களி, நிறையக் கீரை, மோர். ஏறுநாளில் ரெண்டு உருண்டை களி, கொள்ளுக் குழம்பு, முட்டை, கிடைத்தால் ஒரு துண்டு கோழி. முடி கொட்டுவது நின்றது. எடையும் இறங்க ஆரம்பித்தது.

நாங்கள் விரதம் இருக்கிற குடும்பம். கிருத்திகைக்கு நான் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன். ஒரு கிருத்திகை சாயங்காலம் பூஜை முடிந்து என் மனைவி அவருக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். அவருக்கு அன்று இறங்குநாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ரெண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இலையோடு மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். பிரசாதத்தை அப்படி வைக்கலாமா அக்கா என்று என் மனைவி கேட்டதற்கு, நாளைக்கு ஏறுநாள், காலீல மொத வாயி அதான், சாமி நாளைக்கும் இருக்குதில்ல என்றார். எனக்கு அது சுருக்கென்றது. நாக்கை இவ்வளவு கட்டுப்படுத்துகிறவர் பக்கத்தில் என் கிருத்திகை விரதம் சின்னதாகத் தெரிந்தது.

கல்யாண வீட்டில் சாப்பிடாமல் எழுந்தால் மலையில் அது பெரிய அவமானம், சண்டை கூட வரும். அவர் யாரையும் அப்படி அவமானப்படுத்தியதில்லை. பத்திரிகை வைத்த அன்றே தாளை எடுத்து, கல்யாண நாளை ஏறுநாள் ஆக்கி, அதற்கு முன்னும் பின்னும் இறங்குநாளை நகர்த்திக்கொள்வார். அவங்க நாள் குறிச்சாங்க, நான் நாள் மாத்திக்கினேன் என்பார். பந்தியில் நன்றாகச் சாப்பிடுவார். பார்க்கிறவர்கள், இதுதான் உடம்பு குறைக்கிற லட்சணமா என்று பேசிக்கொள்வார்கள்.

குறைப்பதில் மட்டும் கண்டிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. கூட்டுவதிலும் அதே கண்டிப்புதான். ஒரு ஏறுநாளில் தம்பியைக் கீழே கூட்டிப்போய் ரத்தம் சுத்தம் பண்ணித் திரும்பும்போது பஸ்ஸிலேயே அவனுக்கு வலிப்பு மாதிரி வந்துவிட்டது. எங்கள் கடையில் படுக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் தெளிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டான், ஆனால் அந்த அம்மா அவனை விட்டு நகரவில்லை. என் மனைவி காப்பி கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு, தூக்கில் வைத்திருந்த களியை எடுத்துப் பிசைந்தார். கண்ணில் தண்ணி ஓடிக்கொண்டே இருக்கிறது, வாய் மென்றுகொண்டே இருக்கிறது. பசிக்கலைன்னா விட்டுடுங்கம்மா, ஒரு வேளைதானே என்றேன் நான்.

"ஏறுநாளுல கொறைச்சாலும் திருட்டுதாண்ணா. போட வேண்டியத போட்டுடணும்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒன்றுமில்லை. என்னைக் குத்திச் சொல்லவில்லை. அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் எழுந்து கல்லாவுக்குப் போய்விட்டேன்.

இப்போது தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நோட்டும் இந்த இடத்தில்தான் நின்று போயிற்று.

நான் ஒடுகத்தூர்க்காரன். கல்யாணமானதும் மேலே வந்து கடை போட்டேன். மலைக்காரர்கள் புளி, சாமை, கடுக்காய் தலைச்சுமையாகக் கொண்டு வருவார்கள். எடை போட்டு வாங்கி, வாரத்துக்கு ஒரு வண்டி கீழே அனுப்புவேன். கடை வாசலில் எலக்ட்ரானிக் தராசு. கீழே இரும்புத் தகடு, மேலே கம்பத்தில் சிவப்பு நம்பர். தினம் காலையில் குளித்துவிட்டு, முருகன் படத்துக்குப் பூ வைத்த கையோடு தராசுக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பேன். வெள்ளிக்கிழமை கற்பூரம். செருப்புக் காலோடு அதை மிதிக்க யாரையும் விடமாட்டேன். மலைக்காரர்களும் மூட்டையை வைப்பதற்கு முன் தகட்டைத் தொட்டுக் கும்பிடுவார்கள்.

அந்தத் தராசு நூற்றுக்கு அஞ்சு குறைத்துக் காட்டும். நான்தான் மெக்கானிக்கிடம் சொல்லி அப்படி வைத்தேன். புளியில் நாரும் மண்ணும் ஈரமும் இருக்கும், கீழே போவதற்குள் காய்ந்து எடை குறையும், அந்தக் கழிவை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முருகனிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். பதினோரு வருஷம் அப்படி ஓடியது.

அவர் தாளைப் பின்பற்ற ஆரம்பித்து ரெண்டு வாரம் ஆனதும் ஒரு நாள் புளி கொண்டு வந்தார். எடை போட்டு முடித்ததும் தயங்கி நின்றார். நான் ஒரு தரம் ஏறிப் பாத்துக்கட்டுமாண்ணா, பொட்டு வெச்சிக்கீறீங்க, காலு வைக்கலாமா என்று கேட்டார். நல்ல காரியத்துக்குத்தானே, ஏறுங்க என்றேன். செருப்பைக் கழற்றி, காலைக் கழுவிவிட்டு வந்து, தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். அறுபத்தொன்பதரை காட்டியது. கீழே கடைசியாகப் பார்த்தபோது எழுபத்து நாலு. நாலரை கிலோ குறைந்துவிட்டது என்று அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். உண்மையில் ஒரு கிலோ கூடக் குறைந்திருக்காது. எனக்கு அது உடனே மனக்கணக்கில் வந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தானே இருக்கிறார், அந்த உற்சாகத்தில் இன்னும் குறைப்பார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு தரம் வந்தார். ஏறுநாளுக்கு மறுநாள் பார்க்கக் கூடாது, இறங்குநாளுக்கு மறுநாளும் பார்க்கக் கூடாது, சமநாளுக்கு மறுநாள் காலையில்தான் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிப் பெண் சொன்னபடி அதே கிழமை, அதே நேரம். தம்பியும் சில நாள் கூட வருவான். லோடு வண்டி ஓட்டியவன், நல்ல வாய். எங்கக்கா கொழுப்பக் கரைச்சி வடிகட்டி எனக்குத் தரப் போறாண்ணா, கரைக்காத குடுத்தாலும் நான் வாங்கிக்குவேன், டாக்டருதான் ஒத்துக்கல என்பான். ரத்தம் சுத்தம் பண்ண ஊசி போடுவதற்காக அவன் இடது கையில் ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். காதை வைத்தால் வண்டு பறப்பது போல் ஒரு சத்தம். கேளுங்கண்ணா, உள்ள மிஷினு ஓடுது என்று என் காதுக்குக் கையைக் கொண்டு வருவான். நான் கேட்டிருக்கிறேன். சூடான கை, உள்ளே விடாமல் ஒரு சத்தம்.

பங்குனி மாசம். கடை வாசலில் ஏழெட்டுப் பேர் மூட்டையோடு நிற்கிறார்கள். அந்த அம்மா நேராக வந்து, காலைக் கழுவிக்கொண்டு தராசில் ஏறினார். அறுபத்தாறரை. இறங்காமல் அப்படியே நின்றார்.

"ண்ணா, நேத்து நம்ம மலை கவர்மெண்டு ஆஸ்பத்திரியில நர்ஸம்மா ஏத்திப் பாத்தாங்க. அங்க எழுவது காட்டுது. இங்க அறுவத்தாறரை. எது சரி?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூட்டையோடு நிற்கிறவர்கள் அத்தனை பேரும். அவர்களுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அந்த ஏழெட்டு மூட்டைதான் கண்ணில் இருந்தது.

"இதான் சரிம்மா" என்றேன். "அது முள்ளுத் தராசு. துரு ஏறிப் போச்சி."

"நானும் அதான் சொன்னேன். பொட்டு வெச்ச தராசு பொய் சொல்லாதுன்னேன். அந்தம்மா கேக்கல" என்று சிரித்தார். மூட்டைக்காரர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சித்திரை பிறந்த பிறகு ஒரு காலையில் என் தராசு அறுபத்தஞ்சு காட்டியது. உண்மையில் அறுபத்தெட்டும் சில்லறையும். அவர் ஆஸ்பத்திரிப் பெண்ணுக்கு எங்கள் கடை போனிலிருந்தே பேசினார். நல்லது, ஆபரேஷனுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கிறது, இனிமேல் ஏற்றி இறக்க வேண்டாம், ரத்தம் ஊற வேண்டும், தினமும் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அவள் சொன்னாள். அந்தப் பெண் லைனில் இருக்கும்போதே போன் ஒரு நிமிஷம் என் கைக்கு வந்தது. அம்மா, எங்கள் தராசில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடையில் அப்போது வேறு யாரும் கூட இல்லை. நான் போனை மேஜையில் வைத்தேன்.

ரெண்டு வாரம் நன்றாகச் சாப்பிட்டார். குறித்த தேதியில் அக்காவும் தம்பியும் துணிமணி, பாத்திரம் எல்லாம் எடுத்துக்கொண்டு கீழே போனார்கள். ஆஸ்பத்திரித் தராசில் அறுபத்தொன்பது. நாலு கிலோ அதிகம், ஏழு வாரம் கழித்து வாருங்கள் என்று வேறு தேதி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர்கள் தராசு சரியான தராசு.

திரும்பி வருகிற வழியில் அவர் ஒடுகத்தூரில் இறங்கி இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டை ஒன்று வாங்கியிருக்கிறார். தையல் பிரிக்காதது. மலையேறி பஸ் எங்கள் கடை வாசலில் நின்றது. தம்பி நிழலில் உட்கார்ந்தான். அந்த அம்மா மூட்டையைத் தூக்கி வந்து தராசில் வைத்தார். செருப்பைக் கழற்றவில்லை. இருபத்து மூணு கிலோ எழுநூற்றைம்பது காட்டியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். என் மனைவி உள்ளேயிருந்து வந்து அவளும் பார்த்தாள். நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க சாமி கும்பிடறவரு. அதனாலதாண்ணா உங்களக் கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போடவில்லை. வைத்த மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டார். தம்பி எழுந்து, இன்னாக்கா என்று கேட்டான். ஒண்ணியும் இல்ல, வா என்று கூட்டிக்கொண்டு மேலே நடந்துவிட்டார். ஊரில் யாரிடமும் அவர் சொல்லவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டுக் குங்குமக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தேன். என் மனைவி, இனிமே அதுக்குப் பொட்டு வெக்காதீங்க என்றாள். அன்றைக்கே மெக்கானிக்கை வரவழைத்துச் சரி பண்ணினேன். ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த வருஷம் கடைசிப் புளி நல்லா கனமா கீது என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அவர் மறுபடியும் கொட்டாங்குச்சியை எடுத்தார். ஏறுநாள், இறங்குநாள், சமநாள். இப்போது எடை பார்ப்பது மலை கவர்மெண்டு ஆஸ்பத்திரியில், துரு ஏறியது என்று நான் சொன்ன அந்த முள்ளுத் தராசில். அதற்காக நாலு மைல் கூடுதலாக நடந்தார். எங்கள் கடை வாசல் வழியாகத்தான் போக வேண்டும். போவார், வருவார். என் மனைவி கூப்பிட்டால் நின்று பேசுவார். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வணக்கம் கூடச் சொல்வார். புளி மட்டும் கொண்டு வரவில்லை.

ஆறாவது வாரம் தம்பிக்குச் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. கீழே கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் போய்விட்டான். ஆபரேஷன் முன்னாடியே நடந்திருந்தாலும் இது வந்திருக்கலாம், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஒரு டாக்டர் அவரிடம் சொன்னாராம். அதை என் மனைவி எனக்கு வந்து சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் இத்தனை வருஷம் சோறு தின்றிருக்கிறேன்.

அடக்கத்துக்குப் போனேன். மாலை வைத்தேன். அவன் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரிதான் அதற்குப் பிறகு எல்லாம்.

குழி மூடிவிட்டு வந்ததும் உறவுக்காரர்கள் களி கிண்டி எடுத்து வந்தார்கள். ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த அம்மா மட்டும் ரெண்டு உருண்டை வாங்கி, முட்டைக் குழம்பு ஊற்றி, கடைசி வரை சாப்பிட்டார். தம்பிய பொதச்ச கை காயல, எப்படித் துன்றா பாரு என்று ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். எனக்கு அது என்ன நாள் என்று தெரிந்தது. வாயைத் திறந்து அந்தக் கிழவியிடம் சொல்லவில்லை. மறுநாள் அவர் ஒரு சின்ன உருண்டைதான் சாப்பிட்டார் என்று என் மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

பிறகு ஆஸ்பத்திரி குறித்துக் கொடுத்த அந்தத் தேதி வந்தது. காலை பஸ்ஸுக்கு நான் லோடு விஷயமாக ஒடுகத்தூர் போக நிற்கிறேன். அவரும் வந்து நின்றார். வெளுத்த சேலை, கையில் ஆஸ்பத்திரி ஃபைல். எங்கம்மா போறீங்க என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு என்றார். என் வாயில் அது எப்படி வந்தது என்று தெரியவில்லை, தம்பிதான் இல்லியேம்மா என்று சொல்லிவிட்டேன்.

"அவன் இல்ல. தேதி இருக்குதில்ல" என்றார்.

பஸ்ஸில் முன் சீட்டில் அவர், பின்னால் நான். ஒடுகத்தூரில் இறங்கி அவர் அடுத்த பஸ் ஏறிப் போனார். சாயங்காலம் நான் கடைக்குத் திரும்பி ஒரு மணி நேரம் கழித்து அவரும் வந்து இறங்கினார். அன்றைக்கு வாசலைத் தாண்டிப் போகவில்லை. உள்ளே வந்தார். ஃபைலைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அவருக்கு எழுத்துப் படிக்க வராது. நம்பர் தெரியும். என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

நான் படித்தேன். பெயர், வயசு, தேதி. எடை அறுபத்து நாலு புள்ளி எட்டு.

இன்னொரு வாட்டி படிங்க என்றார். இன்னொரு முறை படித்தேன். என் மனைவி கதவோரம் நின்றிருந்தாள். அந்த அம்மா சீட்டை வாங்கி நாலாக மடித்து ஃபைலில் வைத்துக்கொண்டு, வர்றேம்மா என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு மேலே நடந்தார். அன்றைக்கு அவருக்கு ஏறுநாளா இறங்குநாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அவர் புருஷனோடு குடகுக்கே போய்விட்டார். புளியமரத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். நான் பழனிக்குப் போய் மொட்டை போட்டேன், காவடி எடுத்தேன், சன்னிதியில் நின்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். சொல்லிவிட்டு வந்த பிறகும் மனசு அப்படியேதான் இருந்தது. ஒரு ஆள் முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் சொன்னதாக ஆகும் போல. அதற்குத்தான் இதை எழுதினேன்.

படித்தவர்கள் இதைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். அந்த அம்மாவைத் தெய்வம் ஆக்கிவிட வேண்டாம், அவர் கொட்டாங்குச்சியில் மாவு அளந்த ஒரு பொம்பளை. என்னை நல்லவனாகத் திருத்திவிடவும் வேண்டாம். இதான் சரிம்மா என்று சொன்னவன் நான்தான், அந்த வார்த்தையை வேறு யார் வாயிலும் வைத்துவிடாதீர்கள். கேட்கிறவர்களுக்கு மனசு கஷ்டமாக இருக்கும், முடிவை மாற்றிச் சொல்லத் தோன்றும். எனக்கே எத்தனையோ தரம் தோன்றியிருக்கிறது. தம்பி பிழைத்துக்கொண்டான் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.